ஆலை முதல்ல வந்துச்சா, ஏழை ஜனம் முதல்ல வந்துச்சா?

நீங்க கேட்டதை என் வார்த்தையில ஒரு தடவை சொல்லிப் பாக்கறேன், தப்பா புரிஞ்சிருந்தா திருத்துங்க. குப்பைமேடு, ரசாயன ஆலை, கழிவு எரிக்கற இடம் எல்லாம் ஏழைங்களும் சிறுபான்மை மக்களும் இருக்கற பக்கமாவே இருக்குன்னு சொல்றாங்க, ஆனா நிலம் எங்க மலிவோ அங்கதான ஆலை வரும், வாடகை எங்க மலிவோ அங்கதான ஏழை குடிவருவான், ரெண்டும் ஒரே இடத்துல வந்து சேந்தா அது சந்தை கணக்குதானே, இதுக்கு எதுக்கு அநீதின்னு பேர் வெக்கணும். இதானே? இதைக் கேட்டா சில பேருக்கு சுருக்குன்னு கோவம் வரும். எனக்கு வரல, ஏன்னா சுற்றுச்சூழல் நீதின்னு சொல்ற இந்த துறைக்குள்ளயே இதே கேள்வியை வெச்சு 30 வருஷமா கட்டிப்புரண்டு சண்டை போட்டிருக்காங்க. ஆனா உங்க கேள்விக்குள்ள ரெண்டு கேள்வி ஒளிஞ்சிருக்கு. ஒண்ணு, யார் முதல்ல வந்தாங்க. இன்னொண்ணு, பின்னாடி வந்தவனுக்கு நடக்கறதெல்லாம் நியாயம் ஆயிடுமா. முதல் கேள்விக்கு டேட்டா இருக்கு, ரெண்டாவதுக்கு டேட்டா மட்டும் பத்தாது.

என்னைப் பத்தி ஒரு வரி. காத்து மாசு அளக்கற வேலை, 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. பாதி நாள் மொட்டைமாடி மொட்டைமாடியா மீட்டர் தூக்கிட்டு அலைவேன், மீதி நாள் புதுசா வர்ற ஆலைக்கு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு எழுதற டீம்ல உக்காந்திருப்பேன். டாக்டர் இல்ல, வக்கீலும் இல்ல, அதனால நோய் பத்தியும் சட்டம் பத்தியும் நான் சொல்றதை அந்த அளவுக்கு எடுத்துக்கோங்க.

இந்த விஷயத்தை முதன்முதல்ல எண்ணிக்கையா உக்காந்து எண்ணினது அமெரிக்காவுல, ஹூஸ்டன்ல. 1979ல நார்த்வுட் மேனர்னு ஒரு கறுப்பின குடியிருப்பு பக்கத்துல குப்பைக்கிடங்கு வரப்போகுதுன்னு தெரிஞ்சு வழக்கு போட்டாங்க. வக்கீல் லிண்டா மெக்கீவர் புல்லார்ட். அவங்க வீட்டுக்காரர் ராபர்ட் புல்லார்ட் சமூகவியல் வாத்தியார், ஊர்ல இதுவரைக்கும் குப்பை எங்கெங்க கொட்டினாங்கன்னு கொஞ்சம் எடுத்துக் குடுங்கன்னு அவர்கிட்ட கேட்டிருக்காங்க. அவர் பழைய ரெக்கார்டை எல்லாம் தோண்டி எடுத்தா, மாநகராட்சியோட 5 கிடங்கும் கறுப்பினக் குடியிருப்புல, எரிக்கற ஆலை 8ல 6 அதே மாதிரி. மொத்த ஜனத்தொகையில கறுப்பினத்தவங்க கால்வாசிதான். ஆனா வழக்கு தோத்துப்போச்சு, இதை நெறைய பேர் சொல்லாம விட்டுடுவாங்க. வேணும்னே இனம் பாத்துதான் இடம் தேர்ந்தெடுத்தாங்கன்னு நிரூபிக்கணும்னு கோர்ட் எதிர்பாத்துச்சு, அந்த நோக்கத்தை காகிதத்துல யாரு எழுதி வெச்சிருப்பா. அடுத்தது 1982, வட கரோலினா, வாரன் கவுன்ட்டி. 1978ல பிசிபிங்கற நச்சு ரசாயனம் கலந்த எண்ணெயை ராத்திரியோட ராத்திரியா லாரியில கொண்டுவந்து ரோட்டோரமா 200 மைலுக்கு மேல திறந்துவிட்டுட்டே போயிருக்காங்க. அந்த மண்ணை வழிச்சு எங்கயாவது புதைக்கணும். மாநில அரசு தேர்ந்தெடுத்த இடத்துல நிலத்தடி நீர் சில அடி ஆழத்துலயே இருக்கு, சுத்தி இருக்கறது பெரும்பாலும் ஏழைக் கறுப்பின விவசாயிங்க. மண்ணு பாத்து எடுத்த முடிவா இருந்தா அந்த இடம் பட்டியல்லயே வந்திருக்காது. ஜனம் ரோட்டுல படுத்து லாரியை மறிச்சாங்க, 500 பேருக்கு மேல கைது. இருந்தாலும் புதைச்சுட்டாங்க. அப்புறம் 20 வருஷம் கழிச்சு அரசே காசு செலவு பண்ணி அதே மண்ணைத் தோண்டி சுத்தம் பண்ண வேண்டி வந்துச்சு.

அதுக்கு அப்புறம்தான் பெரிய கணக்கெடுப்பெல்லாம். 1983ல அமெரிக்க நாடாளுமன்றத்தோட தணிக்கை அமைப்பு தென்கிழக்கு மாநிலங்கள்ல இருந்த 4 பெரிய அபாயக் கழிவு கிடங்கை பாத்து, 3 கறுப்பினத்தவங்க பெரும்பான்மையா இருக்கற இடத்துலன்னு சொல்லுச்சு. 1987ல ஒரு தேவாலய அமைப்பு நாடு முழுக்க பாத்து, வருமானத்தை விட இனம்தான் இதை நல்லா கணிக்குதுன்னு சொன்னாங்க. இங்கதான் உங்க கேள்வி உள்ள வருது. இந்த ஆய்வெல்லாம் ஒரே ஒரு நாள் போட்டோ மாதிரி, இன்னைக்கு அங்க யார் இருக்காங்கன்னு காட்டும், ஆலை வந்த அன்னைக்கு யார் இருந்தாங்கன்னு காட்டாது. 1994ல விக்கி பீன்னு ஒரு சட்டப் பேராசிரியை இதையே கேட்டு, பழைய டேட்டாவை எடுத்து ஆலை வந்த வருஷத்து ஜனத்தொகையோட வெச்சு பாத்தாங்க. தென்கிழக்கு கிடங்குகள் விஷயத்துல ஜனம் முன்னாடியே இருந்திருக்காங்க. ஹூஸ்டன்ல ரெண்டும் கலந்து இருந்துச்சு, கிடங்கு வந்த அப்புறமும் அந்த ஏரியாவுல ஏழைங்களும் கறுப்பினத்தவங்களும் இன்னும் அதிகமாயிருக்காங்க. அதாவது உங்க வாதம் முட்டாள்தனமான வாதம் இல்ல, அதுல பாதி உண்மை இருக்கு.

அதே வருஷம் வேற ஒரு குழு, வித்தியாசமே பெருசா இல்லன்னு சொல்லிட்டாங்க. எப்படி சொன்னாங்கங்கறது சுவாரஸ்யம், கொஞ்சம் பொறுமையா படிங்க. அவங்க நாட்டை மக்கள்தொகை கணக்கெடுப்புல இருக்கற வட்டாரம் வட்டாரமா பிரிச்சு, ஆலை இருக்கற வட்டாரம், இல்லாத வட்டாரம்னு ஒப்பிட்டாங்க. ஆனா ஆலை எங்க உக்காரும்? ஆத்தங்கரை, ரயில் தண்டவாளம், பெரிய ரோட்டு ஓரம். கணக்கெடுப்பு எல்லைக்கோடு எது வழியா போகும்? அதே ஆறு, அதே தண்டவாளம், அதே ரோடு. அப்ப ஆலை ஒரு வட்டாரத்தோட விளிம்புல இருக்கும், புகையை குடிக்கறவன் கோட்டுக்கு அந்தப்பக்கம் இருப்பான், அவன் கணக்குல "ஆலை இல்லாத வட்டாரம்". புகைக்கு எல்லைக்கோடு தெரியுமா? பின்னாடி பால் மொஹாய், ராபின் சாஹான்னு ரெண்டு பேர் கோட்டை தூக்கிப் போட்டுட்டு ஆலையில இருந்து 3 கிலோமீட்டர் வட்டம் போட்டு எண்ணினாங்க, 2007ல வந்துச்சு. வட்டத்துக்குள்ள வெள்ளையர் அல்லாதவங்க 56 சதவீதம், மத்த இடத்துல 30. ஒரே நாடு, அளக்கற முறை மட்டும் மாறுச்சு. நானும் அளக்கற ஆளுங்கறதால சொல்றேன், யாராவது "வித்தியாசம் இல்ல"ன்னு சொன்னா முதல்ல கோட்டை எங்க போட்டாங்கன்னு கேளுங்க.

யார் முதல்ல வந்தாங்கங்கறதுக்கு நேரடியாவே பதில் தேடினவங்களும் இருக்காங்க. லாஸ் ஏஞ்சலஸ்ல 1970ல இருந்து 1990 வரைக்கும் பாத்து 2001ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஆலையைத் தேடி ஜனம் வந்ததை விட ஜனத்தைத் தேடி ஆலை வந்ததுதான் அதிகம்னு. 2015ல மொஹாயும் சாஹாவும் நாடு முழுக்க பாத்தப்பவும் அதேதான், கூடவே இன்னொண்ணும் சொன்னாங்க, எனக்கு ரொம்ப முக்கியமா படறது அதுதான். ஆலை வர்ற இடம் அதுக்கு முன்னாடியே மாறிட்டு இருந்திருக்கு, வெள்ளைக்காரங்க கிளம்பிட்டு இருந்திருக்காங்க, ஏழைங்களும் சிறுபான்மையும் வந்துட்டு இருந்திருக்காங்க. கிளம்பறவன் போராட மாட்டான், வந்தவனுக்கு இன்னும் பக்கத்து வீட்டுக்காரன் பேரே தெரியாது. அந்த இடைவெளியிலதான் ஆலை நுழையுது. இது எல்லாம் அமெரிக்க டேட்டா, அதை அப்படியே வேற நாட்டுக்கு தூக்கிட்டு போகக் கூடாது, எல்லா ஊர்லயும் இப்படித்தான்னு நான் சொல்லமாட்டேன்.

சரி, நிலம் மலிவுங்கறீங்க. மலிவு வானத்துல இருந்து விழுந்துச்சா? 1930கள்ல அமெரிக்க அரசு ஏற்படுத்தின ஒரு கடன் அமைப்பு 200க்கு மேல ஊருங்களுக்கு மேப் போட்டு பச்சை, நீலம், மஞ்சள், சிவப்புன்னு கலர் அடிச்சுது, கறுப்பினத்தவங்களும் புதுசா குடியேறினவங்களும் இருந்த ஏரியா எல்லாம் சிவப்பு, அங்க கடன் குடுக்கறது ஆபத்துன்னு. கடன் வராத இடத்துல வீட்டு விலை ஏறுமா? அப்புறம் அதே இடத்து வழியா ஹைவே, அதே இடத்துல ஆலை, கேட்டா நிலம் மலிவு. 2022ல 202 ஊர்ல பாத்தாங்க, அந்த சிவப்பு ஏரியாவுலதான் இப்பவும் நைட்ரஜன் டை ஆக்சைடு கூட இருக்கு, மேப் போட்டு 80 வருஷம் ஆகியும். அதனால சந்தைன்னு சொல்றப்ப அந்த விலையை யார் எழுதினாங்கன்னும் சேத்து கேக்கணும். இன்னொரு கணக்கு, 2019ல வந்தது. நாம வாங்கற பொருள், ஓட்டற வண்டி, எரிக்கற கரண்ட் இதெல்லாம் நுண்துகளை கிளப்புது, கிளப்பறது யாரு சுவாசிக்கறது யாருன்னு பிரிச்சு பாத்திருக்காங்க. வெள்ளையர்கள் தாங்க கிளப்பறதை விட 17 சதவீதம் குறைவா சுவாசிக்கறாங்க, கறுப்பினத்தவங்க 56 சதவீதம் அதிகமா, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் 63 சதவீதம் அதிகமா. காசு இருந்தா தப்பிச்சுக்கலாமேன்னா, ஒரே அளவு வருமானம் இருக்கறவங்களை எடுத்து பாத்தாலும் இன வித்தியாசம் அப்படியே நிக்குது.

இப்ப என் கையாலயே பண்ண ஒரு வேலை சொல்றேன். புது ஆலைக்கு இடம் தேடறப்ப ஒரு எக்ஸெல் ஷீட் இருக்கும், வரிசையில இடங்க, நெடுக்குல அளவுகோல்: நில விலை, ரோடு, தண்ணி, மண், காத்து திசை, கடைசில "மக்கள் ஏற்பு", ஒவ்வொண்ணுக்கும் அஞ்சுக்கு மார்க். வேலைக்கு சேந்த புதுசு, அந்த கடைசி நெடுக்கை நான்தான் நிரப்பினேன். ஒரு இடத்துல குடியிருப்போர் சங்கம் இருந்துச்சு, ரிட்டயர்டு இன்ஜினியர் ரெண்டு பேரு, ஒரு வக்கீல், அதுக்கு ஒண்ணு போட்டேன். இன்னொரு இடம், கூலி வேலைக்கு போறவங்க, சங்கம் கிடையாது, பாதி பேருக்கு பட்டா கிடையாது, அதுக்கு நாலு. அவங்க யாரும் ஏத்துக்கறேன்னு சொல்லல, அவங்க யாரையும் நான் கேக்கவே இல்ல. எதிர்ப்பு வராதுங்கறதை ஏத்துக்கிட்டாங்கன்னு டைப் பண்ணேன், சீனியர் பாத்துட்டு தலையாட்டினார், அவ்ளோதான். யாருக்கும் யார் மேலயும் வெறுப்பு இல்ல, சாயங்காலம் எல்லாரும் டீ குடிச்சுட்டு வீட்டுக்கு போயிட்டோம். இதை கொஞ்சம் கூட மறைக்காம எழுதினவங்களும் இருக்காங்க. 1984ல கலிஃபோர்னியா அரசோட குப்பை மேலாண்மை வாரியத்துக்காக செரல் அசோசியேட்ஸ்ங்கற ஆலோசனை கம்பெனி ஒரு அறிக்கை குடுத்துச்சு, எரிக்கற ஆலைக்கு யார் குறைவா எதிர்ப்பு காட்டுவாங்கன்னு: வருமானம் கம்மி, படிப்பு கம்மி, வயசானவங்க. என்னோட எக்ஸெல் நெடுக்குதான் அது, கொஞ்சம் நேர்மையா எழுதினது.

அப்புறம் இன்னொரு விஷயம், "ஆலை முதல்ல வந்துச்சு"ங்கறப்ப ஆலைன்னா எது? போபால்ல விஷவாயு கசிஞ்சதுக்கு அப்புறம், குடிசைங்க தானே ஆலை மதில் பக்கத்துல வந்து முளைச்சுதுன்னு வாதம் பண்ணாங்க. ஆலை 1969. ஆனா மீதைல் ஐசோசயனேட்டுங்கற அந்த விஷவாயுவை அங்கயே தயாரிக்க ஆரம்பிச்சது 1980 வாக்குல. அதுக்கு முன்னாடி வந்து குடிசை போட்டவன் பூச்சிமருந்து கம்பெனி பக்கத்துல போட்டான், 40 டன் விஷவாயு தொட்டி பக்கத்துல போடல. தொட்டி அவன் பக்கத்துல வந்துச்சு, மதில் மட்டும்தான் பழசு. 1984 டிசம்பர் 2 ராத்திரி செத்தவங்கள்ல முதல் வரிசை அந்த குடிசைங்கதான். நான் பாத்த நெறைய ஆலையிலயும் இதே கதை, முதல் அனுமதி சின்னதா இருக்கும், அப்புறம் விரிவாக்கம், அப்புறம் இன்னொரு விரிவாக்கம். போபால் ஆலைக்குள்ள கிடந்த 337 டன் கழிவை 40 வருஷம் கழிச்சு 2025 ஜனவரியில வெளிய எடுத்தாங்களே, எங்க போச்சு தெரியுமா, அதே மத்தியப் பிரதேசத்துல இருக்கற பீதம்பூருக்கு, எரிக்கறதுக்கு. அங்க இருக்கற ஜனம் ரோட்டுக்கு வந்துட்டாங்க.

இப்ப அளக்கறது பத்தி, ஏன்னா "அளந்து பாத்தோம், லிமிட்டுக்குள்ளதான் இருக்கு"ங்கற பதில்தான் எல்லா இடத்துலயும் வரும், பெரும்பாலும் அது பொய்யும் இல்ல. ஒரு குடியிருப்புல ஒரு பாட்டிம்மா சொன்னாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு அழுகின முட்டை நாத்தம் வருதுப்பா, துண்டை நனைச்சு ஜன்னல் இடுக்குல சொருகிட்டுத்தான் பேரனை தூங்க வெக்கறேன்னு. ரெக்கார்டுல ஒண்ணும் இல்ல. மீட்டர் இருந்தது ஒரு அரசு கட்டடத்து மொட்டைமாடியில, கரண்ட் இருக்கு, பூட்டு இருக்கு, ஏணி இருக்குன்னு அங்க வெச்சாச்சு, ஆனா காத்து பெரும்பாலும் அங்கிருந்து ஆலை பக்கம் அடிக்கும். போதாக்குறைக்கு ரிப்போர்ட்ல போறது 24 மணி நேர சராசரி. ராத்திரி காத்து அசையாது, தரை குளிர்ந்து மேல சூடான காத்து மூடி மாதிரி உக்காந்துக்கும், வால்வுலயும் குழாய் இணைப்புலயும் கசியறது மேல போக வழியில்லாம வீட்டு உயரத்துலயே தங்கிடும், விடிஞ்சு வெயில் அடிச்சா கலைஞ்சுடும். நாங்க அந்தம்மா வீட்டு மாடியில மணிக்கு மணி எடுத்தோம், ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் கோடு செங்குத்தா ஏறி இறங்குது, மீதி 21 மணி நேரம் தரையோட தரையா. சராசரி போட்டா லிமிட்டுக்குள்ளதான். பாட்டி சொன்னதும் சரி, ரிப்போர்ட்டும் சரி. ஆனா நாத்தத்தையே அளவுகோலா வெச்சுக்காதீங்க, ஹைட்ரஜன் சல்பைடு ரொம்ப கொஞ்சம் இருந்தாலே மூக்கைத் துளைக்கும், பென்சீன் கெடுதல் பண்ற அளவுல இருந்தாலும் மூக்குக்கு தெரியாது.

லிமிட்ல இன்னொரு ஓட்டை, ஒவ்வொரு சிம்னிக்கும் தனித்தனி அனுமதி. பத்து ஆலை, பத்தும் அதது லிமிட்டுக்குள்ள, ஆனா பத்தையும் சுவாசிக்கறது ஒரே நுரையீரல். கூட்டிப் பாக்கற வேலை யாரோடதும் இல்ல. நியூ ஜெர்சியில 2020ல ஒரு சட்டம் கொண்டுவந்தாங்க, ஏற்கனவே சுமை ஏறின குடியிருப்புல புதுசா ஆலை கேட்டா, மொத்த சுமையையும் கூட்டிப் பாத்து, அதிகம்னா அனுமதியை மறுக்கணும்னு. மறுக்க"லாம்" இல்ல, மறுக்க"ணும்". அந்த ஒரு எழுத்து வித்தியாசத்துக்குத்தான் இவ்ளோ வருஷம். ஆனா காகிதத்துல இருக்கறது நிலைக்கும்னும் இல்ல, 1994ல கிளின்டன் இதுக்குன்னு போட்ட அதிபர் ஆணையை 2025 ஜனவரியில ட்ரம்ப் வந்த வேகத்துல ரத்து பண்ணிட்டார்.

எது சந்தேகம்னும் சொல்லிடறேன். இந்த குழந்தைக்கு வந்த ஆஸ்துமாவுக்கு இந்த ஆலைதான் காரணம்னு ஒருத்தருக்கு ஒருத்தர் நிரூபிக்கறது ரொம்ப கஷ்டம். ஆயிரம் பேர்ல எத்தனை பேருக்கு கூடுதலா வரும்னு சொல்லலாம், அந்த கூடுதல் ஆள் யாருன்னு சொல்ல முடியாது. விதிவிலக்கா லண்டன்ல எல்லா (Ella) அடூ-கிஸ்ஸி-டெப்ராங்கற சின்னப் பொண்ணோட வழக்கு. தெற்கு சர்குலர் ரோட்டுக்கு 30 மீட்டருக்குள்ள வீடு, 2013ல 9 வயசுல ஆஸ்துமாவுல போயிட்டா. முதல் விசாரணையில காத்தைப் பத்தி பேச்சே இல்ல. அம்மா விடாம போராடி ரெண்டாவது விசாரணை வாங்கி, 2020 டிசம்பர்ல காத்து மாசும் அவ சாவுக்கு காரணம்னு பதிவாச்சு, பிரிட்டன்ல அதுதான் முதல் தடவை. ஒரு பொண்ணுக்கு 7 வருஷம். குறைஞ்ச வருமானக் குடியிருப்புல எத்தனை பேரால 7 வருஷம் வக்கீல் பின்னாடி ஓட முடியும்? அதே மாதிரி நோக்கம். பெரும்பாலான இடத்துல யாரும் வேணும்னே பண்ணலன்னுதான் நானும் நினைக்கறேன், என் எக்ஸெல் கதையே அதுக்கு சாட்சி. அதனால "சதி"ன்னு சொல்றவங்களோட எனக்கு ஒத்துப்போகாது, ஆனா சதி இல்லன்னா அநீதியும் இல்லன்னு நீங்க தாவறீங்களே, அங்கதான் நான் நிக்கறேன்.

அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல இருக்கற ஃபிளின்ட் ஊரைப் பாருங்க, அங்க யார் முதல்ல வந்தாங்கங்கற பேச்சுக்கே இடமில்ல. 2014 ஏப்ரல்ல செலவு மிச்சம்னு குடிதண்ணியை ஆத்துத் தண்ணிக்கு மாத்தினாங்க, குழாய் அரிக்காம இருக்கப் போடற மருந்தைப் போடல, பழைய குழாயில இருந்த ஈயம் தண்ணியில கரைஞ்சுது. ஊர்ல பாதிக்கு மேல கறுப்பினத்தவங்க, நாலு பேர்ல ஒருத்தருக்கு மேல ஏழை. ஜனம் பழுப்புத் தண்ணியை பாட்டில்ல பிடிச்சு கூட்டத்துக்கு கொண்டுபோய் காட்டினாங்க, பாதுகாப்பானதுதான்னு பதில். அதே வருஷம் அக்டோபர்ல அங்க இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜின் ஆலை இந்த தண்ணி உதிரி பாகத்தை அரிக்குதுன்னு சொல்லுச்சு, வேற தண்ணி குடுத்துட்டாங்க. ஜனத்துக்கு பழைய தண்ணி திரும்பினது 2015 அக்டோபர், ஒரு வருஷம் கழிச்சு. இதை சந்தை கணக்குல எந்த இடத்துல வெப்பீங்க?

உங்களுக்கு தெரிஞ்ச ஏதாவது ஒரு இடத்தை வெச்சு சோதிச்சுப் பாக்கணும்னா, என்னை நம்ப வேண்டாம், நீங்களே பண்ணலாம். ஆலையோட முதல் அனுமதி தேதி, ஒவ்வொரு விரிவாக்கத்தோட தேதி, எல்லாம் எழுதுங்க. ஒவ்வொரு தேதியிலயும் 3 கிலோமீட்டருக்குள்ள யார் இருந்தாங்கன்னு அந்தந்த காலத்து கணக்கெடுப்புல பாருங்க, எல்லைக்கோட்டை நம்பாம. மீட்டர் எங்க இருக்கு, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாருங்க. அப்புறம் பொது விசாரணை நடந்திருந்தா அதோட அறிக்கை கடைசியில யார் யார் வந்து பேசினாங்கன்னு இருக்கும், அவங்க எந்தப் பக்கத்து ஆளுங்கன்னு மேப்ல புள்ளி வெச்சுப் பாருங்க. நான் பாத்த வரைக்கும் காத்து போற பக்கம் புள்ளி ரொம்ப கம்மியாத்தான் விழும், விசாரணை வேலை நாள் காலையில பதினோரு மணிக்கு வெச்சிருப்பாங்க.